கட்டட நிதியில் சோறு பொங்கலாமா? ஒரு சிறிய தியான விகாரையின் வரவு செலவு

ஊத்துக்குளிக்கும் குன்னத்தூருக்கும் இடையே ஒரு தோட்டத்தில் இயங்கிவரும் சிறிய பௌத்த தியான விகாரையின் அறங்காவலர் ஒருவர் நீண்ட கேள்வி ஒன்றை அனுப்பியிருக்கிறார். ஒரு பிக்கு அங்கே தங்கியிருக்கிறார். ஞாயிறுதோறும் முப்பது பேர் வரை வந்து அமர்கிறார்கள். மாதம் ஒருமுறை மூன்று நாள் முகாம் நடக்கிறது, அதில் இருபது பேர் கலந்துகொள்கிறார்கள். அறக்கட்டளையைப் பதிவு செய்து மூன்று ஆண்டு ஆகப்போகிறது. மாதச் செலவு 50,500 ரூபாய், வரவு 34,000 ரூபாய். முகாமுக்குக் கட்டணம் வைக்கலாமா, பிக்கு வேண்டாம் என்று சொல்லும் உண்டியலை எடுத்துவிடலாமா, கொடுப்பவருக்கு வருமான வரியில் கழிவு தரும் 80ஜி சான்று வாங்கினால் நன்கொடை கூடுமா, தாய்லாந்து அன்பர்கள் தருவதாகச் சொல்லும் புத்தர் சிலையையும் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாமா என்று நான்கு கேள்விகள் கேட்டுவிட்டு, கடைசி வரியில், "இதுவரை விழுந்த துண்டைத் தியான மண்டபத்துக்கு வந்த பணத்தை எடுத்துச் சமாளித்தோம்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார். ஈரோட்டில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அறக்கட்டளைக் கணக்குகளோடு உழன்றுகொண்டிருக்கும் என் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கடைசி வரிதான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மாதம் 16,500 ரூபாய் துண்டு விழுகிறது என்றால் ஆண்டுக்கு 1,98,000. இரண்டு ஆண்டுகளில் 3,96,000 ரூபாய். மண்டபத்துக்கென்று கொடுத்தவர்கள் கொடுத்தது மண்டபத்துக்கு. அதை அரிசிக்கும் சம்பளத்துக்கும் எடுத்ததில் யாரும் சொந்தப் பைக்குள் ஒரு காசு போட்டுக்கொள்ளவில்லை என்பதை நான் நம்புகிறேன். ஊரும் நம்பும் என்று சொல்ல முடியாது. மேலும், நீங்கள் அனுப்பிய செலவுப் பட்டியலே முழுமையானது அல்ல. சமையல் அம்மாவுக்கு 12,000, தோட்டத்து ஆளுக்கு 10,000, உணவுக்கு 14,000, பிக்குவின் மருந்துக்கும் பயணத்துக்கும் 5,000, தண்ணீருக்கும் சில்லறைப் பராமரிப்புக்கும் 4,000, மின்சாரத்துக்கு 3,000, கணக்கு எழுதுபவருக்கும் தணிக்கைக்கும் 2,500 என்று போட்டிருக்கிறீர்கள். போர் மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்டுவதற்கும், மழைக்கு முன் ஓடு மாற்றுவதற்கும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளையடிப்பதற்கும், இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் அதில் இடமே இல்லை. இவை மாதாமாதம் வராததால் செலவாகத் தெரிவதில்லை. வரும்போது மொத்தமாக வந்து கையைக் கடிக்கும். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 8,300 ரூபாய்க்கு மேல் ஆகிறது. எனவே உங்கள் உண்மையான மாதச் செலவு ஏறத்தாழ 59,000 ரூபாய்; உண்மையான பற்றாக்குறை 25,000 ரூபாய். இனி நான் சொல்வதெல்லாம் இந்த 25,000 என்ற எண்ணை வைத்துத்தான்.

கட்டட நிதியைப் பற்றி வருமான வரிச் சட்டம் சொல்வதையும் தெரிந்துகொள்ளுங்கள். பழக்கம் கருதி 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்களையே இங்கே எழுதுகிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் என்பதால், அந்தத் தேதியிலிருந்து எண்கள் வேறு. நன்கொடை கொடுப்பவர், இது மூலநிதிக்கு, அதாவது செலவழிக்காமல் முதலாக வைத்திருக்க வேண்டிய நிதிக்கு, என்று குறிப்பாகச் சொல்லிக் கொடுத்தால்தான் அது மூலநிதி; அதற்கு எழுத்துச் சான்று இருப்பதே பாதுகாப்பு. வாய்வார்த்தையாக "மண்டபத்துக்கு வெச்சுக்கங்க" என்று சொல்லிக் கொடுத்தது அந்த ஆண்டின் சாதாரண வருமானமாகவே கொள்ளப்படலாம். அதில் 85 விழுக்காட்டை அறக்கட்டளையின் நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும், அல்லது இன்ன காரணத்துக்காகச் சேர்த்துவைக்கிறோம் என்று உரிய படிவத்தில் தெரிவித்து ஐந்து ஆண்டுகளுக்குள் பயன்படுத்த வேண்டும். எழுதிக் கொடுத்த மூலநிதியிலிருந்து எடுத்துச் செலவழித்தாலோ, அந்தச் செலவு 85 விழுக்காட்டுக் கணக்கில் சேராது. ஐந்து ஆண்டுகளுக்குள் அதே தொகையை மூலநிதியில் திரும்ப வைத்தால், வைத்த ஆண்டில் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே முதல் வேலையாக அந்த நன்கொடைகளின் ரசீது அடிக்கட்டைகளையும் கடிதங்களையும் எடுத்து, எது எழுத்தில் குறிக்கப்பட்டது, எது அப்படி இல்லாதது என்று இரண்டாகப் பிரியுங்கள். இந்தப் பிரிப்பு முடியாமல் உங்கள் ஆடிட்டரால் எதுவும் செய்ய முடியாது.

இரண்டாவதாக, நீங்கள் கேட்கவே இல்லாத, ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய ஒரு விஷயம்: நிலம். தோட்டம் இன்னும் அதைக் கொடுத்த பெரியவரின் பெயரிலேயே இருக்கிறது என்றும், "அவர் வாக்கு மாற மாட்டார்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர் மாற மாட்டார். அவருக்குப் பிறகு வருபவர்கள் அந்த வாக்கைக் கொடுத்தவர்கள் அல்லர். நம் பகுதியில் ஒரு வண்டித்தடத்துக்காக இரண்டு தலைமுறை வழக்கு நடத்தும் பங்காளிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அசையாச் சொத்தை வாய்மொழியாகத் தானம் செய்ய முடியாது. சொத்து மாற்றச் சட்டத்தின் 123ஆம் பிரிவின்படி, கொடுப்பவர் கையெழுத்திட்டு, குறைந்தது இரண்டு சாட்சிகள் சான்றளித்து, பதிவு செய்த பத்திரம் வேண்டும். இது ஒருபுறம் இருக்க, அறக்கட்டளைப் பணத்தில் பெரியவரின் நிலத்தில் 12 லட்சத்துக்கு மண்டபம் கட்டினால், சட்டத்தின் பார்வையில், நிறுவியவர் நிலையில் இருக்கும் அவரது சொத்துக்கு அறக்கட்டளை மதிப்புக் கூட்டிக்கொடுத்ததாக ஆகும். நிறுவியவருக்கும் அறங்காவலர்களுக்கும் அவர்கள் உறவினர்களுக்கும் அறக்கட்டளையின் பணத்தால் நன்மை போவதை வருமான வரிச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடுக்கிறது. வரிவிலக்கே பறிபோகக் காரணமாகும் பிரிவு அது. பெரியவருக்கு முழு நிலத்தையும் எழுதிவைக்க மனம் இல்லையென்றால், விகாரை இருக்கும் 30 சென்ட்டையும் வண்டித்தடத்தையும் கிணற்றுத் தண்ணீர் உரிமையையும் மட்டுமாவது தானப் பத்திரமாக எழுதி வாங்குங்கள். அதுவும் இயலாதெனில் நீண்டகாலக் குத்தகைப் பத்திரத்தையாவது பதிவு செய்யுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு அவசியம். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆகும் செலவு கணிசமாகத்தான் இருக்கும். ஆனால் அதைச் செலவழிக்காமல் மண்டபத்துக்கு அஸ்திவார வானம் தோண்டாதீர்கள்.

நிலம் என்பது பௌத்தப் பள்ளிகளின் பொருளாதாரத்தில் எப்போதுமே முதுகெலும்பாக இருந்திருக்கிறது என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன். சமணப் பள்ளிகளுக்கும் பௌத்தப் பள்ளிகளுக்கும் விட்ட இறையிலி நிலத்துக்குப் 'பள்ளிச்சந்தம்' என்று தனிப் பெயரே இருந்தது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரையே பள்ளிச்சந்தமாக விட்ட செய்தியை நெதர்லாந்தின் லெய்டன் நகரப் பெயரால் அறியப்படும் செப்பேடுகள் சொல்கின்றன. யானையை நடத்தி எல்லை காட்டி, செம்பில் வெட்டிக் கொடுத்தார்கள். வாக்கை மட்டும் நம்பி விடவில்லை. உங்களுக்கு ஊரை எழுதிவைக்க யாரும் இல்லை. நாற்பது தென்னை இருக்கிறது. நிலம் அறக்கட்டளையின் பெயருக்கு வந்தால் அதன் காய்க் குத்தகை அறக்கட்டளையின் வரவாகும். வேளாண் வருமானத்துக்கு வரியும் இல்லை.

இனி 80ஜி. இந்தக் கேள்விக்குள் வேறொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: பத்திரத்தின்படி நீங்கள் யார்? மத அறக்கட்டளையா, பொது அறநோக்க அறக்கட்டளையா, இரண்டும் கலந்ததா? உங்கள் பத்திரத்தில் 'பௌத்த சமயத்தைப் பரப்புதல்', 'அனைவருக்கும் தியானம் கற்பித்தல்', 'இலவச மருத்துவ முகாம் நடத்துதல்' என்று மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. வருமான வரி விலக்குக்கான 12ஏபி பதிவு இந்த மூன்று வகைக்கும் கிடைக்கும். 80ஜி அப்படி அல்ல. ஒரு குறிப்பிட்ட மதச் சமூகத்தின் நன்மைக்கு மட்டும் உரிய அமைப்புக்கு அது கிடைக்காது. கிடைத்தாலும் மதச் செலவு ஆண்டின் மொத்த வருமானத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆண்டுக்கு 4,08,000 ரூபாய் வரவு உள்ள உங்களுக்கு 5 விழுக்காடு என்பது 20,400 ரூபாய். வைகாசிப் பௌர்ணமி விழாவும், மழைக்காலத் தங்கல் முடிந்து சீவர ஆடை வழங்கும் கதின விழாவும், பிக்குவின் பராமரிப்பும் அந்தத் தொகைக்குள் அடங்காது. தியானம் கற்பிப்பதை மதச் செலவு அல்ல என்று வாதிடலாம். அறநோக்கங்களின் பட்டியலில் யோகம் தனியாகவே இடம்பெற்றிருக்கிறது. ஆனால் பிக்குவின் மருந்துச் சீட்டைத் தியானச் செலவு என்று எழுத ஆரம்பித்தால் கணக்குப் புத்தகம் கதைப் புத்தகமாகிவிடும்.

அவ்வளவு சிரமப்பட்டு 80ஜி வாங்கினால் யாருக்குப் பயன் என்பதையும் கணக்கிட வேண்டும். புதிய வரிமுறையைத் தேர்ந்துள்ள தனிநபர்களுக்கு 80ஜி கழிவு இல்லை; 2023-24 முதல் அதுவே இயல்பான முறையாகவும் ஆகிவிட்டது. உங்களிடம் ஞாயிற்றுக்கிழமை வந்து அமர்கிறவர்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனித் தையல்காரர்கள், செக்கிங் பெண்கள், பள்ளி ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள். அவர்களில் வரியே கட்டாதவர்கள் பாதிக்கு மேல் இருப்பார்கள். கட்டுகிறவர்களிலும் பழைய வரிமுறையில் இருப்பவர் சிலரே. 22 விழுக்காட்டுச் சலுகை வரியைத் தேர்ந்த கம்பெனிகளுக்கும் 80ஜி பயன்படாது. உண்மையில் பயன்பெறுவது திருப்பூரில் இன்றும் ஏராளமாக உள்ள கூட்டு வணிக நிறுவனங்கள்தான். பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்குப் புதிய வரிமுறை என்ற ஒன்றே கிடையாது, ஆகவே 80ஜி கழிவு அவர்களுக்கு நிலைத்திருக்கிறது. ஆண்டுக்கு ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று தரக்கூடிய அப்படி நான்கைந்து நிறுவனங்கள் உங்களைத் தேடி வந்து, சான்று மட்டும்தான் தடை என்று சொன்னால், மருத்துவ முகாமையும் பொதுத் தியான வகுப்பையும் மட்டும் நடத்தும் தனி அறக்கட்டளை ஒன்றை நிறுவி அதற்கு 80ஜி கேட்பதே நேர்மையான வழி. அப்படி யாரும் வரவில்லையென்றால் 80ஜியை மறந்துவிடுங்கள். இல்லாத நன்கொடையாளருக்காக விகாரையின் இயல்பை வளைக்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

12ஏபி பதிவை மட்டும் மறந்துவிடக் கூடாது. உங்களிடம் இருப்பது மூன்று ஆண்டுக்கான தற்காலிகப் பதிவு. அது முடிவதற்கு ஆறு மாதம் முன்பாகவோ, பணிகள் தொடங்கிய ஆறு மாதத்துக்குள்ளோ, எது முந்தியதோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். நீங்கள் தாமதித்துவிட்டீர்கள். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் 2024 அக்டோபர் முதல் ஆணையருக்கு இருக்கிறது; உடனே விண்ணப்பியுங்கள். பதிவு காலாவதியானால் அறக்கட்டளையின் நிகரச் சொத்து மதிப்பின்மீதே உச்ச விகிதத்தில் வரி விதிக்கும் பிரிவு ஒன்று உண்டு. சிறிய அமைப்புகளைக் காலி செய்துவிடக்கூடியது அது.

உண்டியலுக்கு வருகிறேன். பிக்குவின் எதிர்ப்பை அசட்டை செய்யாதீர்கள். அது இன்றைய எதிர்ப்பு அல்ல. புத்தர் பரிநிர்வாணம் அடைந்து ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து வைசாலியில் சங்கத்தை இரண்டாவது முறை கூட்ட நேர்ந்ததற்கே உண்டியல்தான் காரணங்களுள் ஒன்று. வஜ்ஜி நாட்டுப் பிக்குகள் உபோசதம் என்னும் நோன்பு நாளில் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி நடுவில் வைத்து, சங்கத்துக்குத் தேவைகள் இருக்கின்றன, காசு போடுங்கள் என்று மக்களிடம் கேட்டார்கள். யசர் என்ற பிக்கு, போடாதீர்கள் என்று மக்களிடமே சொன்னார். வசூலில் அவருக்கென்று ஒதுக்கிய பங்கையும் மறுத்தார். பொன்னும் வெள்ளியும் ஏற்பது உள்ளிட்ட பத்து வழக்கங்களைச் சபை தவறென்று தள்ளியது. பிக்குகளின் ஒழுக்க விதிகளான விநயத்தின் தடை பிக்கு பணத்தை ஏற்பதற்கும் தொடுவதற்கும்தான். இல்லறத்தார் பணத்தை வாங்கி வைத்துப் பிக்குவுக்கு வேண்டிய உடை, உணவு, உறையுள், மருந்தாக மாற்றித் தருவதற்குத் தடை இல்லை. ஆகவே உண்டியலைத் தியானக் கூடத்திலிருந்து எடுத்து, செருப்பு விடும் திண்ணைப் பக்கம், பிக்குவின் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். சாவி, வங்கிக் கையெழுத்து, யுபிஐ அட்டை எதிலும் பிக்குவின் பெயர் இருக்க வேண்டாம். அவருக்கும் அது நிம்மதி.

உண்டியலை எண்ணுவதில்தான் எத்தனையோ நல்ல அமைப்புகள் பெயரைக் கெடுத்துக்கொண்டன. நான் கணக்குப் பார்த்த ஓர் இடத்தில் பொருளாளர் உண்டியலை வீட்டுக்கு எடுத்துச் சென்று எண்ணிக்கொண்டு வருவார். காசு குறைந்ததே இல்லை. ஒரு தீபாவளிக்கு அவர் மகன் புது வண்டி வாங்கினான், அவ்வளவுதான். பிறகு யார் என்ன விளக்கம் சொல்லியும் பயன் இல்லை. பௌர்ணமியன்று மதிய உணவுக்குப் பிறகு, எல்லாரும் இருக்கும்போது, கூடத்தில் பாய் விரித்து உண்டியலைக் கவிழ்த்துவிடுங்கள். உறவினர் அல்லாத இரண்டு பேர் எண்ணட்டும். அவர்களில் ஒருவர் அறங்காவலர் அல்லாதவராக இருப்பது நல்லது. நோட்டுகளை வகை பிரித்து அடுக்கி, ஒவ்வொரு வகைக்கும் எத்தனை என்று ஒரு நோட்டில் மையால் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, அடித்தல் திருத்தல் இருந்தால் அதன் பக்கத்திலும் கையெழுத்திட வேண்டும். மறுநாள் அந்தத் தொகை குறையாமல் வங்கிக்குப் போக வேண்டும். அன்று மாலை காஸ் சிலிண்டருக்கு ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டாலும் இதிலிருந்து எடுக்கக் கூடாது. வங்கியிலிருந்து சில்லறைக் கையிருப்பாக எடுத்துத் தனியாகச் செலவெழுத வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே ஆற்றிலிருந்து எடுப்பதையும் அளக்க வேண்டியிருக்கிறது.

பெயரில்லாத நன்கொடைக்கு 30 விழுக்காடு வரி என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். முழுக்க மத அறக்கட்டளைக்கு அந்த வரி இல்லை. மதமும் அறமும் கலந்த அறக்கட்டளைக்கும், கல்வி நிலையத்துக்கோ மருத்துவ நிலையத்துக்கோ என்று குறித்துக் கொடுத்த தொகை தவிர மற்றவற்றுக்கு இல்லை. பொது அறநோக்க அறக்கட்டளை என்று உங்களை எடுத்துக்கொண்டால்கூட, மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு அல்லது ஒரு லட்சம், எது அதிகமோ அதற்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமே வரி. உண்டியலில் ஆண்டுக்கு 1,08,000 ரூபாய் விழுகிறது. வரிக்கு உட்படுவது 8,000, வரி 2,400 ரூபாய். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டில் வரும் 1,32,000 ரூபாயையும் பெயரின்றி வாங்கினால் வரிக்குரிய தொகை 1,40,000 ஆகி, வரி 42,000 ரூபாய்க்குப் போய்விடும். எப்படி இருந்தாலும், ஞாயிறு நன்கொடைக்குப் பெயரும் முகவரியும் எழுதி ரசீது போடும் பழக்கத்தை உண்டாக்கிவிடுங்கள். மொய் நோட்டில் பத்து ரூபாயைக்கூட ஊர்ப் பெயரோடு எழுதும் நமக்கு இது புதிதல்ல.

முகாமுக்குக் கட்டணம் வைக்கலாமா என்றால், சட்டம் தடுக்கவில்லை. 12ஏபி பதிவுள்ள அமைப்பு மதம், ஆன்மிகம், யோகம் ஆகியவற்றின் வளர்ச்சிக்காகச் செய்யும் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. தங்குமிடமும் உணவும் சேர்ந்த முகாமுக்கும், அதன் முதன்மை நோக்கம் அதுவாக இருந்தால் விலக்குப் பொருந்தும் என்று 2018 செப்டம்பரில் சுற்றறிக்கை வந்திருக்கிறது. முகாம் இல்லாத நாளில் அறையை வாடகைக்கு விட்டால் கதை வேறு: விலக்கு நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் கீழே உள்ள அறைக்குத்தான். ஆனால் கட்டணம் வைக்க வேண்டாம் என்பதே என் யோசனை. காரணம் சட்டம் அல்ல. இன்று தலைக்குச் சராசரி 700 ரூபாய் தருகிறார்கள். 850 என்று பலகை வைத்தால், 2,000 தரக்கூடியவரும் 850 தந்துவிட்டு, கடன் தீர்ந்த மனத்தோடு போவார். 200 மட்டுமே தர முடிகிற தறிக்காரர் வராமலே இருந்துவிடுவார். தியான ஆசிரியர் எஸ். என். கோயங்கா வழியில் நடக்கும் விபசனா முகாம்களில், முகாமை முடித்தவரிடமிருந்து மட்டுமே, அடுத்து வருபவருக்காக என்று சொல்லி நன்கொடை பெறுகிறார்கள். நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. "மூன்று நாள் முகாமுக்கு ஒருவருக்கு ஆகும் செலவு 850 ரூபாய், உங்களுக்கு முன் வந்தவர்கள் அதை உங்களுக்காகக் கொடுத்திருக்கிறார்கள்" என்று முகாம் முடியும் நாளில் வாசலில் எழுதி வையுங்கள். செலவு எவ்வளவு என்பதே தெரியாமல்தான் பலர் நூறு ரூபாயை மடித்துப் போடுகிறார்கள்.

வாட்ஸ்அப்பில் பெயர் கொடுத்துவிட்டு வராமல் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வழி வேண்டும். ஒரு முகாமில் ஆறு பேர் வரவில்லை, காய்கறி வீணாயிற்று என்று எழுதியிருந்தீர்கள். 500 ரூபாய் முன்பணம் வாங்கி, வந்து சேர்ந்த அன்றே கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதை வரவில் எழுதாமல் வைப்புத்தொகையாக எழுத வேண்டும்; வராதவரின் தொகை மட்டும் வரவாகும்.

மாதம் 25,000 ரூபாய்ப் பள்ளத்தை எப்படி நிரப்புவது? மாதம் 250 ரூபாய் தர நூறு பேர். ஒரு பெரிய மனிதரிடம் மூன்று லட்சம் கேட்பதைவிட இது கடினம். ஆனால் அந்தப் பெரிய மனிதருக்கு ஏற்றுமதி ஆர்டர் படுத்த ஆண்டில் உங்கள் அடுப்பும் அணைந்துவிடும். நூறு பேரில் நான்கு பேர் நின்றால் ஆயிரம் ரூபாய்தான் குறையும். இப்படிச் சேர்பவர்களில் ஒரு பகுதியினர் ஆறு மாதத்தில் மறந்துபோவார்கள் என்பது என் அனுபவம். ஆகவே 120 பேரைச் சேர்க்கப் பாருங்கள். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் ஏற்பாடு மாதச் சம்பளக்காரர்களுக்கு ஒத்துவரும். சனிக்கிழமை பட்டுவாடா வாங்கும் கம்பெனி ஆட்களுக்கு மாதத் தவணை ஒத்துவராது. ஞாயிறு வரும்போது வாரம் 60 ரூபாய் என்று கேளுங்கள், தருவார்கள். தீபாவளி போனஸ் சமயத்தில் கூடுதலாக வருவதை அடுத்த கோடைக்கென்று எடுத்து வையுங்கள். பங்குனி, சித்திரையில் முகாமுக்கு ஆள் குறையும், தண்ணீர் லாரிச் செலவு மட்டும் கூடும். இதோடு, ஒரு நாள் உணவுத் தானம் 500 ரூபாய் என்று நாட்காட்டி ஒன்றைச் சுவரில் மாட்டுங்கள். பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் அன்னதானம் செய்வது நம் ஊரில் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டிய பழக்கம் அல்ல. உணவுச் செலவில் உங்களுக்கு ஒரு சாதகமும் இருக்கிறது: பிக்கு நண்பகலுக்குப் பிறகு உண்பதில்லை, முகாமில் இருப்பவர்களுக்கும் மாலையில் சுக்குக் காப்பியும் ஒரு வாழைப்பழமும் போதும். யாராவது அரிசிச் சிப்பமோ தேங்காயோ கொண்டுவந்து வைத்தால் அதையும் தேதியோடு பொருள் வரவில் எழுதிவிடுங்கள்.

சேரும் பணத்தை எங்கே வைப்பது என்பதில் ஓர் எச்சரிக்கை. அறங்காவலர்களில் ஒருவர், தெரிந்த ஃபைனான்ஸில் போட்டால் ஒன்றரை வட்டி வரும் என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நம் சீமையில் இது இயல்பான யோசனை. அறக்கட்டளைக்கு இது விஷம். வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு, அரசுப் பத்திரம் என்று வருமான வரிச் சட்டத்தின் 11(5) பிரிவு அனுமதித்த இடங்களில் மட்டுமே பணம் இருக்கலாம். தனியார் ஃபைனான்ஸும் ஏலச்சீட்டும் அதில் இல்லை. நம் பக்கத்து அறக்கட்டளை ஒன்று கட்டட நிதியை இப்படி வட்டிக்கு விட்டது. ஃபைனான்ஸ் மூடியதில் முதலும் போயிற்று. கணக்கைப் பரிசீலித்தபோது வரிவிலக்கும் போயிற்று.

தாய்லாந்துச் சிலையும் பணமும் இப்போதைக்கு வேண்டாம். வெளிநாட்டுக் குடிமகன் தருவது ரூபாயாக இருந்தாலும், உங்கள் தோட்டத்திலேயே வந்து தந்தாலும், அது 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் வரும். அறக்கட்டளைக்குத் தரும் சிலையும் அப்படியே. பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்குவது குற்றம். மூன்று ஆண்டு நிறைந்து, அந்த மூன்று ஆண்டுகளில் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவிட்ட அமைப்பு பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு ஆறு லட்சம் செலவிடும் நீங்கள் அந்தக் கோட்டுக்கு அருகில்தான் இருக்கிறீர்கள். பதிவு கிடைத்தால் பணம் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்குக்கு மட்டுமே வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. துபாயில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் அவர் பணத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய அவர் அண்ணனுக்கு உண்டு. ஊரில் அடிக்கடி குழம்பும் இடம் இது.

மற்றவை சிறியவை. பொது வழிபாட்டு இடத்துக்கு மின்வாரியத்தில் 2-சி என்ற தனிக் கட்டணப் பிரிவு உண்டு; உங்கள் இணைப்பு எந்தப் பிரிவில் இருக்கிறது என்று அட்டையைப் பாருங்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவுக் கணக்கில் ஏற்கப்படாது; மேஸ்திரிக்கும் வங்கி வழியாகவே கொடுங்கள். உங்கள் வரவுக்குத் தணிக்கை கட்டாயம். அறநிலையத் துறை வந்து எடுத்துக்கொள்ளுமா என்ற பயமும் வேண்டாம். 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் இந்து சமய நிறுவனங்களுக்கானது. சேலம் தலைவெட்டி முனியப்பன் கோவிலில் இருப்பது புத்தர் சிலையே என்று கண்டு, அந்த இடத்தைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஜூலையில் உத்தரவிட்டதும் இந்த வேறுபாட்டை வைத்துத்தான்.

மறுபடியும் அந்த 3,96,000 ரூபாய். அதைக் கொடுத்தவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று தயங்கியிருக்கிறீர்கள். கேட்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். "தியான மண்டபத்துக்கென்று நீங்கள் அளித்த தொகையிலிருந்து, கடந்த இரண்டு ஆண்டுகளில் விகாரையின் அன்றாடச் செலவுக்காக மொத்தம் 3,96,000 ரூபாய் எடுத்திருக்கிறோம், உங்களைக் கேட்காமல் எடுத்தது தவறு. மாதம் 8,000 ரூபாய் வீதம் ஐம்பது மாதங்களுக்குள் அதைக் கட்டட நிதியில் திரும்ப வைக்கிறோம். ஒவ்வொரு பௌர்ணமியும் மீதி எவ்வளவு என்பதைத் திண்ணைப் பலகையில் காணலாம். உங்கள் தொகை உடனே வேண்டுமென்றால் தெரிவியுங்கள், ஆடிட்டரைக் கலந்து ஏற்பாடு செய்கிறோம்." ஐந்து அறங்காவலர்களும் கையெழுத்திட்டு, வாட்ஸ்அப்பில் அல்லாமல் தபாலில் அனுப்புங்கள். மாதம் 25,000 பள்ளத்தோடு இந்த 8,000மும் சேர்வதால் நிலைத்துத் தரும் நூறு பேர் போதாமல் 132 பேர் தேவைப்படலாம். ஆனால் அந்த 132 பேரின் வீட்டுப் படியேறுவது இந்தக் கடிதங்கள் போய்ச் சேர்ந்த பிறகாக இருக்கட்டும்.